ஏரி நடுத்திட்டும் நீர்ப்பறவையும்
(வானொலியில் பண்ணைச் செய்தி நேயர்களுக்காக ஆற்றிய பேச்சு)



இன்றைக்கு நாம் பேசப்போவது விதையைப் பற்றியோ உரத்தைப் பற்றியோ இல்லை. உங்கள் ஊர் ஏரிக்கு நடுவே இருக்கிற மண்திட்டைப் பற்றியும், அதன்மேல் நிற்கிற நாலு கருவேல மரத்தைப் பற்றியும்தான். "இதில் பேச என்ன ஐயா இருக்கு?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் வரிசை வரிசையாகப் பறவைகள் வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, வெள்ளைக் கொக்கு என்று ஒரு கூட்டமே வரும். இவை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள், சைபீரியாவிலிருந்து வந்தவை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். அது சரியில்லை. வடதேசத்துக் குளிருக்குப் பயந்து இங்கே வருகிற வாத்து வகைகளும் உள்ளான் வகைகளும் உண்டு. அவை இங்கே தின்னும், ஓய்வெடுக்கும், கோடை வந்ததும் போய்விடும். கூடு கட்டுவதில்லை. மரத்தில் சுள்ளி வைத்துக் கூடு கட்டி, முட்டை இட்டு, குஞ்சு பொரிக்கிறதே நாரையும் கூழைக்கடாவும், அவை நம் நாட்டுப் பறவைகள். இங்கேயே பிறந்தவை. நம் ஏரிகளில் கூடு கட்ட இடம் இல்லை என்றால் அவற்றுக்குப் போக வேறு தாய்வீடு கிடையாது. இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கரையிலே எத்தனையோ புளியமரம், ஆலமரம் இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் ஏரி நடுவே இருக்கிற முள்மரத்தைத் தேடிப் போகிறது? காரணம் ஒன்றுதான். தண்ணீர்தான் அதற்கு வேலி. நாம் வயலுக்கு முள்வேலி போடுகிறோம். பறவைக்கு வேலி போட யார் இருக்கிறார்கள்? நரி, நாய், காட்டுப்பூனை, கீரி, உடும்பு இவை எல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் அலைகிறவை. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால் இவை லேசில் கிட்ட வராது. அதனால்தான் ஒரே மரத்தில் இருபது, முப்பது கூடு கட்டி நூற்றுக்கணக்கில் சேர்ந்து வாழ்கின்றன.

சேர்ந்து வாழ்வதில் பாதுகாப்பும் உண்டு, ஆபத்தும் உண்டு. ஊர் நெல்லை எல்லாம் ஒரே களஞ்சியத்தில் கொட்டி வைத்தது போலத்தான். தீப்பிடித்தால் வீட்டுக்கு ஒரு மூட்டை கூட மிஞ்சாது. அதுபோல ஒரு திட்டு அழிந்தால், சுற்று வட்டாரத்துப் பறவைகளின் அந்த வருஷத்து வாரிசே போய்விடும்.

மஞ்சள் மூக்கு நாரையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூன்று, நாலு முட்டை இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறக்குறைய ஒரு மாதம் அடைகாக்கும். குஞ்சு வெளியே வந்த பிறகு இறகு முளைத்துப் பறக்க இன்னும் இரண்டு மாதம் வேண்டும். வெயில் கடுமையாக இருந்தால் தாய் இறக்கையை விரித்துக் குடை பிடித்து நிற்கும். அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுக்குக் கொடுக்கும். ஆக, கூடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு மேல் அந்த மரத்தடியில் தண்ணீர் நிற்கவேண்டும். இரண்டு மாதத்தில் வற்றிப்போனால்? பறக்கத் தெரியாத குஞ்சுகள் மரத்தில் இருக்கும்போதே நாய் அடிமரத்துக்கு வந்துவிடும். தாய்ப்பறவைகள் மிரண்டு, கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சுகள் பட்டினியில் சாகும். சில ஏரிகளில் தண்ணீர் வற்றியதும் இதுதான் நடக்கிறது.

தண்ணீர் குறைந்தால்தான் ஆபத்து என்று இல்லை, மிஞ்சினாலும் ஆபத்துதான். கர்நாடகத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ரங்கனதிட்டு என்று ஓர் இடம் இருக்கிறது. நம் காவிரி ஆற்றின் நடுவே உள்ள சின்னச் சின்னத் திட்டுகள் அவை. 1640-களில் ஆற்றின் குறுக்கே ஓர் அணைக்கட்டு கட்டியபோது இந்தத் திட்டுகள் உண்டாயின. பறவை அறிஞர் சாலிம் அலி அவர்கள் அங்கே கூடு கட்டும் பறவைகளைப் பார்த்துவிட்டு மைசூர் அரசிடம் எடுத்துச் சொன்னார். 1940-ஆம் ஆண்டில் அது சரணாலயம் ஆயிற்று. அங்கே என்ன தொல்லை என்றால், மேலே கிருஷ்ணராஜசாகர் அணையிலிருந்து வெள்ளத்தைத் திறந்துவிடும்போது தாழ்வான திட்டுகள் மூழ்கிவிடும். திட்டு கரைந்து போகாமல் இருக்க மணல் மூட்டை அடுக்கிப் பலப்படுத்த வேண்டி வந்தது. ஆகவே திட்டு என்றால் அது உயரமாகவும் இருக்கவேண்டும், கரையாமலும் இருக்கவேண்டும், சுற்றித் தண்ணீரும் நிற்கவேண்டும். இந்த மூன்றும்தான் கணக்கு.

"பறவைக்கு இவ்வளவு பாடுபட்டால் நமக்கு என்ன லாபம்?" இதையும் கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். வயிற்றுப்பாடு இருக்கிறதே!

செங்கல்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல். அந்த ஊர் விவசாயிகள் இந்தக் கேள்விக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே பதில் கண்டுபிடித்துவிட்டார்கள். பறவையின் எச்சம் தண்ணீரில் விழுகிறது. அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது. ஏரித் தண்ணீர் பச்சை பிடித்துப்போய் வயலுக்குப் பாய்கிறது. உரம் கலந்த தண்ணீர்! மூட்டை தூக்க வேண்டாம், வீசவும் வேண்டாம். இந்த அருமை தெரிந்ததால்தான், பறவைகளைச் சுடக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798-ஆம் ஆண்டில் அப்போதைய செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களுக்கு ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. சட்டம் போட்டுச் சரணாலயம் ஆக்கியது எல்லாம் பின்னால் வந்தது. முதலில் காவல் காத்தவர்கள் ஏர் பிடித்தவர்கள்தான். 2022-ஆம் ஆண்டில் அந்தச் சின்ன ஏரி, உலகம் முழுவதும் மதிக்கிற ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி பக்கம் கூந்தன்குளம். அங்கே பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை, ஊருக்குள்ளே வீட்டு மரத்திலும் கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அதற்காக வெடி வெடிப்பதில்லை. குளத்து வண்டலை அள்ளி வயலில் போடுகிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயத்தைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்குப் பட்டாசுச் சத்தம் கேட்காது. பிள்ளைகளுக்கு ஆசை இருக்காதா? இருக்கும். ஆனாலும் ஊர் கூடி எடுத்த முடிவு, மீறுவதில்லை.

எச்சம் ஒரு லாபம். இன்னொரு லாபம் வயலில் கிடைக்கிறது. நத்தைகுத்தி நாரைக்கு முக்கிய தீனியே நத்தைதான். அலகு நடுவே இடைவெளி விட்டு, பாக்குவெட்டி மாதிரி இருக்கும், பாருங்கள். இளம் நாற்றைக் கடிக்கிற நத்தையை அது தேடிப் பிடித்துத் தின்னும். உண்ணிக்கொக்கு வெட்டுக்கிளியையும் புழுவையும் பொறுக்கும். மடைக்கொக்கும் நாரையும் வரப்பைத் துளைக்கிற நண்டைப் பிடிக்கும். கூலி கேட்காத ஆட்கள் இவர்கள்.

"ஏரி மீனை எல்லாம் தின்றுவிடுகிறதே" என்று மீன் குத்தகை எடுத்தவர்கள் சொல்வார்கள். பறவை மீன் தின்னும், அதை மறுக்கவில்லை. ஆனால் கூடு இருக்கிற ஏரியிலேயே எல்லா மீனையும் பிடிப்பது இல்லை. பல கிலோமீட்டர் பறந்துபோய், சுற்றியுள்ள ஏரி, குளம், நெல்வயல் எல்லாவற்றிலும் இரை தேடிக்கொண்டு வருகிறது. எங்கேயோ தின்றுவிட்டு உங்கள் ஏரியில் வந்து எச்சம் இடுகிறது. பத்து ஊர் சத்தை உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது என்றுதானே அர்த்தம்?

இனி, திட்டு எப்படிக் கெட்டுப்போகிறது என்று பார்ப்போம்.

முதலாவது, தூர் வாருதல். 2017-ஆம் ஆண்டு தொடங்கி குடிமராமத்து என்றும் வண்டல் எடுப்பது என்றும் பல ஊர்களில் ஏரி வேலை நடந்தது. ஏரி ஆழப்படுவது நல்லதுதான். ஆனால் பொக்லைன் இறங்கியதும் நடுவே மேடாக இருக்கிற திட்டைத்தான் முதலில் வெட்டத் தோன்றும். ஓட்டுகிறவருக்கு அது வெறும் மண்மேடு. நாம் பக்கத்தில் நின்று "இது கூடு கட்டுகிற திட்டு, விட்டுவிடுங்கள்" என்று சொன்னால்தான் தெரியும்.

இரண்டாவது, மரம் வெட்டுதல். ஏரிக்குள்ளே சமூகக் காடுகள் திட்டத்தில் வளர்த்த கருவேலமரங்கள் முற்றியதும் ஏலத்துக்கு வரும். ஏலம் விடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே வருஷத்தில் மொத்தமும் வெட்டாமல், கூடு இருக்கிற கூட்டத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டலாம். கூடு இருக்கிற மாதங்களில் கோடாரியே வைக்கக்கூடாது. சீமைக்கருவேலத்தை ஒழிக்கவேண்டும் என்று கிளம்புகிறோம். சரிதான், அது கெட்ட மரம்தான். ஆனால் சில ஏரிகளில் வேறு மரம் இல்லாததால் பறவைகள் அதில்தான் கூடு கட்டியிருக்கின்றன. அங்கே முதலில் நாட்டு மரத்தை வையுங்கள். அது வளர்ந்து கிளை விட்ட பிறகு சீமைக்கருவேலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

மூன்றாவது, கடைசித் தண்ணீர். இதுதான் சங்கடமான விஷயம். மாசி, பங்குனியில் நவரைப் பயிர் கதிர் வாங்கி நிற்கிறது. இன்னும் இரண்டு பாய்ச்சல் வேண்டும். அதே சமயம் திட்டில் குஞ்சு பறக்காமல் இருக்கிறது. மீன் பிடிக்கிறவரோ மிச்சத் தண்ணீரை எஞ்சின் வைத்து இறைத்துவிடப் பார்க்கிறார். யாரைக் கேட்பது, யாரை விடுவது?

பயிரைக் காயவிடு என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படிச் சொன்னால் நீங்களும் கேட்கமாட்டீர்கள். ஆனால் பயிரும் பிழைத்து, குஞ்சும் பிழைக்க ஒரு வழி இருக்கிறது. அதைத்தான் இப்போது விளக்கமாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

திட்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டுங்கள். கோட்டையைச் சுற்றி அகழி வெட்டின மாதிரி. அந்தப் பள்ளத்தின் அடி, மடையின் அடிமட்டத்தை விட 4, 5 அடி கீழே இருக்கட்டும். மடைக்குக் கீழே நிற்கிற தண்ணீர் எப்படியும் உங்கள் வயலுக்குப் பாயாது. ஆகவே மடையை முழுக்கத் திறந்து கடைசிச் சொட்டு வரைக்கும் பாய்ச்சினாலும், திட்டைச் சுற்றி மட்டும் தண்ணீர் நிற்கும். கோடை வெயில் மாதத்துக்கு அரை அடிக்கு மேல் குடித்துவிடும். ஊறிப்போவதும் சேரும். 4, 5 அடி ஆழம் இருந்தால் குஞ்சு பறக்கிற வரைக்கும் தாங்கும். ஊர் மாடு கன்றுக்கும் கோடையில் குடிதண்ணீர் ஆயிற்று. ஒன்றே ஒன்று: அந்தப் பள்ளத்தில் மட்டும் யாரும் எஞ்சின் போட்டு இறைக்கக்கூடாது. இதற்கு ஊர்க்கட்டுப்பாடு வேண்டும்.

தூர் வாருகிற வருஷத்திலேயே இந்த வேலையைச் செய்தால் தனிச் செலவு அதிகம் இல்லை. வெட்டுகிற மண்ணை வெளியே ஏற்றாமல் உள்ளேயே நடுவில் போட்டால் அதுவே திட்டு. புதுத்திட்டு போடும்போது கவனிக்கவேண்டியவை:

ஒன்று. திட்டு கரைக்கு வெகு தூரத்தில், தண்ணீர் ஆழமாக நிற்கிற பக்கத்தில் இருக்கவேண்டும். வரத்துக்கால் வாய், மடை, கலங்கல் இவற்றுக்கு நேரே போடக்கூடாது. தண்ணீர் வேகத்தில் மண் அரித்துப் போகும், ஏரிக்கும் கெடுதல்.

இரண்டு. ஏரி நிறைமட்டத்துக்கு மேலே இரண்டு அடியாவது திட்டின் தலை தெரியவேண்டும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் சரிவாக விடுங்கள். சரிவில் வெட்டிவேர் வைத்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்று. சுற்றுப்பள்ளம் 15 அடிக்குக் குறையாத அகலம் இருக்கட்டும். வெட்டும்போது ஏரி அடியில் இருக்கிற களிமண் படுகையை உடைத்து மணலைத் தொட்டுவிடாதீர்கள். தொட்டால் தண்ணீர் நிற்காது.

நாலு. திட்டின் தலையில் கருவேலம் வையுங்கள். தண்ணீர் தொடுகிற ஓரத்தில் நீர்க்கடம்பு வையுங்கள். வேடந்தாங்கலில் தண்ணீருக்குள்ளேயே நின்று கூட்டைச் சுமக்கிறது நீர்க்கடம்புதான். மாசக்கணக்கில் வேர் முழுகி நின்றாலும் அழுகாது. கன்று பிழைக்கிற வரைக்கும் ஆடு மாடு ஏறாமல் பார்க்கவேண்டும்.

ஐந்து. எச்சம் உரம்தான், ஆனால் ஒரே மரத்தின்மேல் வருஷக்கணக்கில் விழுந்தால் இலை பொசுங்கி மரமே பட்டுப்போகும். ஆகவே நட்டாயிற்று என்று விட்டுவிடாமல், பட்ட மரத்துக்குப் பக்கத்தில் அவ்வப்போது புதுக் கன்று வைத்துக்கொண்டே வரவேண்டும். தென்னந்தோப்பில் அடிக்கன்று வைப்பதில்லையா, அதுபோல.

"திட்டு போட்டால் ஏரி கொள்ளளவு குறையுமே" என்று ஆயக்கட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அடியில் 60 அடிக்கு 60 அடி இருக்கிற திட்டு 3,600 சதுர அடி. அப்படி 5 திட்டு போட்டால் 18,000 சதுர அடி. ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஐந்து திட்டும் சேர்ந்து அரை ஏக்கர் கூட ஆகவில்லை. 100 ஏக்கர் ஏரியில் அரை ஏக்கர் என்பது இருநூற்றில் ஒரு பங்கு. மண்ணும் வெளியிலிருந்து வரவில்லை, அதே ஏரியில் வெட்டியதுதான். பள்ளத்தில் தண்ணீர் கூடுகிறது. கரை ஓரத்துக் கிணறுகளுக்கு அது ஊற்று.

வேலை தொடங்கும் முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி என்றால் நீர்வளத்துறையைக் கேட்கவேண்டும். அதற்குக் குறைந்த ஆயக்கட்டு ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மரங்களைப் பற்றி வனத்துறையைக் கேளுங்கள். சரணாலயம் என்று அறிவித்த ஏரியாக இருந்தால் ஒரு கூடை மண்ணை அள்ளுவதற்கும் முன்பே வனத்துறையிடம் போகவேண்டும். கிராமசபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டு எடுத்துப்போனால் காரியம் சுலபமாகும்.

கடைசியாக, காசு செலவில்லாத சில காரியங்கள்.

கூடு இருக்கிற மாதங்களில் திட்டுக்கு அருகில் பரிசலோ தோணியோ போகவேண்டாம். ஆள் கிட்டே போனால் பறவை எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பும். அந்தச் சமயத்துக்காகவே காகமும் பருந்தும் காத்திருக்கும். இரண்டு நிமிஷத்தில் முட்டையைத் தூக்கிவிடும். நண்பகல் வெயிலில் தாய் எழுந்து போனால் பச்சைக் குஞ்சு வெந்துபோகும். இப்போது செல்போனில் படம் எடுக்கவும், பறக்கிற காமிரா விடவும் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். "கரையிலே நின்னு பாருங்க தம்பி, அங்கேயிருந்தே நல்லாத் தெரியும்" என்று அன்பாகச் சொல்லி நிறுத்துங்கள்.

நைலான் வலையைத் திட்டைச் சுற்றிக் கட்டாதீர்கள். அறுந்த வலையையும் நரம்பையும் தண்ணீரில் விடாதீர்கள். முக்குளிக்கிற நீர்க்காகம் அதில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். மருந்து அடித்த டப்பாவையும் தெளிப்பானையும் ஏரியிலோ வாய்க்காலிலோ கழுவவேண்டாம். விஷம் குடித்த மீனையும் நத்தையையும் தின்கிறது இதே பறவைதான். நம் பிள்ளைகளும் அந்த மீனைத்தானே தின்கிறார்கள்!

முட்டை எடுப்பதும், குஞ்சு பிடிப்பதும், கொக்கு சுடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கிறது. ஆனால் நடு ஏரியில் ராத்திரி நேரத்தில் சட்டம் வந்து நிற்காது. ஊர்தான் நிற்கவேண்டும். வேடந்தாங்கலில் ஊர்தான் நின்றது.

உங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் வற்றியதும், ஒரு நாள் மடைக்காரரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்து போங்கள். திட்டு எத்தனை, மரம் எத்தனை, எது பட்டுப்போயிருக்கிறது, மடைமட்டம் எங்கே, பள்ளம் எங்கே வெட்டலாம் என்று பார்த்துக் குறித்து வையுங்கள். ஆடிக்கு முன்னால் மண்வேலையை முடித்து, முதல் மழைக்குக் கன்றை ஊன்றிவிட்டால், சில வருஷங்களில் அந்த மரத்தில் சுள்ளி ஏறும். பயிருக்கு விட்ட தண்ணீரும் குறையாது, குஞ்சுக்கு வேலியும் விழாது.